தையல் போட்ட பின்னும் குழந்தை முந்திப் பிறந்தால்

கருப்பை வாயில் தையல் போட்டுக்கொண்ட பெண்ணுக்கு நிறைமாதத்திற்கு முன்பே வலி கண்டு குழந்தை பிறந்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் எழும் முதற்கேள்வி பெரும்பாலும் அவளை நோக்கியே வருகிறது: "எதைத் தூக்கினாய்? எங்கே நடந்தாய்?" இரண்டாவது கேள்வி மருத்துவர்களாகிய எங்களை நோக்கி வருகிறது: "தையல் போட்டிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?" முதற்கேள்வி பெரும்பாலும் நியாயமற்றது, அதன் காரணத்தைக் கீழே சொல்கிறோம். இரண்டாவது கேள்வி முற்றிலும் நியாயமானது. தையல் எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாது, குழந்தை முந்திக்கொண்டு வர முற்பட்டால் தாயும் குடும்பத்தாரும் என்ன செய்ய வேண்டும், அடுத்த முறை கருவுறும்போது எதை மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

கருப்பை வாயின் வேலை

கருப்பையின் அடிப்புறத்தில், பிறப்புறுப்பின் உச்சியில் அமைந்திருக்கும் குறுகிய கழுத்துப் பகுதியையே கருப்பை வாய் என்கிறோம். கருவுற்ற நடு மாதங்களில் அதன் நீளம் ஏறக்குறைய 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது உறுதியாக மூடியிருக்கும். அதன் நடுவே கெட்டியான சளி அடைத்துக்கொண்டு, வெளியிலுள்ள கிருமிகள் பனிக்குடத்தை அணுகாமல் காக்கும். பிரசவ காலம் நெருங்கும்போது இக்கழுத்து மென்மையாகி, குறுகி, பின்னர் விரிந்து குழந்தைக்கு வழிவிடுகிறது.

சில பெண்களுக்கு இந்த மாற்றம் நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்களிலேயே, அதுவும் வலியே இல்லாமல் தொடங்கிவிடுகிறது. இதைக் கருப்பை வாய்த் தளர்ச்சி என்கிறோம். நூறு கருவுறுதல்களில் ஒன்றுக்கும் குறைவாகவே இது நேர்கிறது. ஆயினும் நேர்ந்த குடும்பத்திற்கு அந்தக் கணக்கு ஆறுதல் தருவதில்லை. முந்தைய பிரசவத்தில் ஏற்பட்ட கிழிவு, கருப்பை வாயில் முன்பு செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, பிறவியிலேயே அமைந்த திசுக் குறைபாடு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பலருக்குக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. அடிவயிற்றில் ஒரு பாரம், இடுப்பில் மெல்லிய வலி, வழக்கத்திற்கு மேற்பட்ட வெள்ளைப்படுதல் ஆகியவற்றைத் தவிர முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலேயே பனிக்குடம் கீழே பிதுங்கிவிடுவதும் உண்டு.

பம்பாயில் பிறந்து, சென்னையில் அச்சேறிய தையல்

இத்தளர்ச்சிக்கு உலகெங்கும் இன்று செய்யப்படும் தையலை வகுத்தளித்தவர் ஓர் இந்திய மருத்துவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1899-இல் கோவாவின் சிரோடா என்னும் ஊரில் பிறந்த டாக்டர் விட்டல் நாகேஷ் சிரோத்கர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையே மீண்டும் மீண்டும் கருவை இழந்த பெண்களை அவர் கவனித்தார். ஓய்வும் ஹார்மோன் மருந்துகளும் அவர்களுக்குப் பயன்படவில்லை. கருப்பையின் கழுத்து வலுவிழந்திருப்பதே காரணம் என்று கண்டு, அப்பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த திசுப்பட்டையால் அக்கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

1955-இல் இம்முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்த இதழ் 'ஆன்டிசெப்டிக்'. அது 1904-இல் டாக்டர் யு. ராம ராவ் சென்னையில் தொடங்கிய மருத்துவ இதழ். இரண்டாண்டுகள் கழித்து, 1957-இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த டாக்டர் இயன் மெக்டொனால்டு இதனினும் எளிய முறையொன்றை வெளியிட்டார். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயை நாடா இறுக்குவது போலவே, கருப்பை வாயைச் சுற்றி நூலை ஓட்டி இறுக்கி முடிச்சிடுவதே அம்முறை. இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் செய்யப்படுவது இதுவே. டாக்டர் சிரோத்கருக்கு 1971-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

தையல் யாருக்கு, எப்போது?

மூன்று சூழ்நிலைகளில் தையலைப் பற்றி யோசிக்கிறோம். முதலாவது, முன்பு நடு மாதங்களில் வலியின்றிக் கருவை இழந்தவர்கள், அல்லது பலமுறை குறைப்பிரசவம் கண்டவர்கள். இவர்களுக்கு 12 முதல் 14 வாரங்களில், முதல் ஸ்கேனில் குழந்தை நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு தையல் போடப்படும். இரண்டாவது, முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் தொடர்ந்து பார்த்துவரும்போது, 24 வாரங்களுக்கு முன் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழ் குறைந்துவிட்டால் போடப்படும் தையல். மூன்றாவது, கருப்பை வாய் திறந்து பனிக்குடம் கண்ணுக்குத் தெரியும் நிலையில் அவசரமாகப் போடப்படுவது. மூன்றிலும் மிகக் கடினமானது இதுவே. இதன் பலனை முன்கூட்டிச் சொல்வதும் அரிது.

முன்பு குறைப்பிரசவம் ஏதும் இல்லாத பெண்ணுக்கு ஸ்கேனில் மட்டும் கருப்பை வாய் குறுகித் தெரிந்தால், பொதுவாக முதலில் தருவது பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து. இரட்டைக் குழந்தைகள் என்பதற்காக மட்டும் தையல் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதனால் நன்மை விளைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

எந்த நூல் நல்லது என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒற்றை இழை நூலையும் பின்னல் நூலையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 2,000-க்கு மேற்பட்ட பெண்களிடையே நடத்தப்பட்டு 2022-இல் வெளிவந்த ஆய்வில், குழந்தையை இழந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டாகவே இருந்தது. ஆகவே நூலைப் பற்றிய கவலை வேண்டியதில்லை.

எண்கள் சொல்லும் உண்மை

1993-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வொன்றில் 1,292 பெண்கள் பங்குகொண்டனர். தையல் தேவையா, வேண்டாமா என்று மருத்துவர்களுக்கே ஐயம் இருந்த பெண்கள் அவர்கள். 33 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போட்ட பிரிவில் நூற்றுக்கு 13 பேர். போடாத பிரிவில் 17 பேர். அதாவது, ஏறக்குறைய 25 பெண்களுக்குத் தையல் போட்டால் அவர்களுள் ஒருவருக்கு மிக முந்திய பிரசவம் தவிர்க்கப்படுகிறது.

உண்மையாகவே ஆபத்து மிகுந்த பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் பயன் கூடுகிறது. முன்பு குறைப்பிரசவமாகி, இம்முறை ஒற்றைக் குழந்தையைச் சுமந்து, கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழ் குறுகிய 504 பெண்களைப் பற்றிய ஐந்து ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2011-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 35 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள், தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 28 பேர். போடாதவர்களில் 41 பேர்.

இக்கணக்கை இருபுறமும் படிக்க வேண்டும். தையல் பயன் தருகிறது என்பது ஒருபுறம். தையல் போட்ட நூறு பேரில் 28 பேருக்குக் குழந்தை முந்தியே பிறந்தது என்பது மறுபுறம். ஆகவே தையலுக்குப் பின் குறைப்பிரசவம் நேர்ந்த பெண் தான் மட்டும் விதிவிலக்காகத் தவறிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

தையல் ஏன் சில நேரம் போதுவதில்லை?

கருப்பை வாய் வலுவிழப்பது குறைப்பிரசவத்திற்கான பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. தையல் அந்த ஒரு காரணத்திற்கே தாங்கு கொடுக்கிறது. கிருமித்தொற்று பனிக்குடத்தை எட்டிவிட்டால், உடல் தானே பிரசவத்தைத் தூண்டிவிடும். அதைத் தடுக்க நூலால் இயலாது. பல நேரங்களில் தையல் போடுவதற்கு முன்பே, வெளியில் தெரியாதபடி அத்தொற்று தொடங்கியிருக்கும். பனிக்குடம் உடைதல், நஞ்சுக்கொடியின் பின்புறம் ஏற்படும் இரத்தக்கசிவு, பனிநீர் மிகுதி, கருப்பையின் பிறவி அமைப்புக் குறைபாடு ஆகியவையும் தையலைக் கடந்து செயல்படுபவை. சிலருக்குக் கருப்பை வாயில் மிகக் குறைந்த திசுவே எஞ்சியிருப்பதால், நூலை எவ்வளவு உயரத்தில் போட்டாலும் பிடிப்புக் கிடைப்பதில்லை.

படிகளும் குடங்களும் குற்றவாளிகளா?

எங்கள் ஊரில் இக்கேள்விக்குத் தனி வடிவம் உண்டு. மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். "கருவுற்ற தொடக்கத்தில் படியேறினாள், அதனால்தான்" என்று சொல்லப்படும் பெண்கள் எங்களிடம் வருகிறார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பங்களில் தறியில் அமர்ந்ததே காரணம் என்கிறார்கள். வேறு வீடுகளில் தண்ணீர்க் குடம் தூக்கியதே காரணமாகிவிடுகிறது.

படுக்கையிலேயே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, நாள்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையலாம், தசைகள் நலியும், மனம் சோரும். தையல் போட்டுச் சில நாட்கள் ஓய்வு எடுத்த பின், வீட்டுக்குள் நடமாடுவது, சமைப்பது, மெல்ல நடப்பது ஆகியவை பெரும்பாலோருக்குத் தடையில்லை. கனமான சுமை, நெடுநேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை, கூட்ட நெரிசல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறோம். தாம்பத்திய உறவைப் பற்றி நேரிலேயே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். சுவாமி தரிசனம் செய்ய விரும்புவோர்க்கு மலைமேல் வண்டிப்பாதை உண்டு. நெரிசலில்லாத நாளில் அவ்வழியே சென்று வரலாம். நேர்த்திக்கடனாகப் படியேறும் எண்ணம் இருப்பின், குழந்தை பிறந்த பிறகு குடும்பத்தோடு ஏறி நிறைவேற்றலாம்.

முன்பு செய்த வேலையைக் காட்டி ஒரு தாயைக் குற்றம் சாட்டுவதால் பிறந்த குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. தீமை உண்டு. அடுத்த முறை ஏதேனும் மாற்றம் தெரிந்தால் "என்ன செய்தாய்?" என்று கேட்பார்களே என அஞ்சி அவள் வெளியில் சொல்லாமல் மறைப்பாள். அந்த மறைப்பில் கழியும் சில மணி நேரம் ஒரு குழந்தையின் உயிராக இருக்கக்கூடும். மாமியாரும் கணவரும் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

காத்திராமல் வரவேண்டிய அறிகுறிகள்

தையல் போட்டுக்கொண்டவர்கள் கீழ்க்காணும் எதைக் கண்டாலும், இரவு பகல் பாராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்:

• விட்டுவிட்டு வரும் அடிவயிற்று வலி, அல்லது வயிறு கல்போல் இறுகித் தளர்வது
• நீர் போலக் கசிவது, துணி நனைவது
• இரத்தப்போக்கு, அல்லது இரத்தம் கலந்த சளி
• காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
• இடுப்பிலும் அடிவயிற்றிலும் புதிதாகத் தோன்றும் பாரம். கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு
• குழந்தையின் அசைவு குறைவது

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதனையும் பொருட்படுத்துங்கள். சிறுநீர்த் தொற்றைக் காலத்தில் குணப்படுத்துவது குறைப்பிரசவ ஆபத்தைக் குறைக்கும்.

தையல் இருக்கும் பெண்ணுக்கு வலி கண்டபின் காத்திருப்பதில் தனிப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. கருப்பை சுருங்கி அழுத்தும்போது நூல் வழிவிடாது. அதனால் கருப்பை வாயே கிழிந்து இரத்தம் பெருகலாம். எனவே உண்மையான பிரசவ வலி என்று உறுதியானாலோ, தொற்று ஏற்பட்டாலோ, எத்தனை வாரமாக இருந்தாலும் தையலைப் பிரிக்கவே வேண்டும். "இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தையலை ஏன் பிரிக்கிறீர்கள்?" என்று அந்நேரத்தில் கேட்போர்க்கு இதுவே எங்கள் விடை.

எல்லாம் நலமாக அமைந்தால் 36 முதல் 37 வாரங்களில் தையல் பிரிக்கப்படும். பெரும்பாலும் அதற்கு மயக்க மருந்து தேவைப்படாது. பிரித்த அன்றே வலி வரவேண்டும் என்பதில்லை, வாரக்கணக்கில் ஆகலாம்.

எல்லை தாண்டிச் செல்லும் தையல்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, உறவுகள் மாறவில்லை. இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்களுள் பலருக்குத் தாய்வீடு நகரியிலும் புத்தூரிலும் இருக்கிறது. அங்கே வாழ்க்கைப்பட்டவர்களின் தாய்வீடு இங்கே இருக்கிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். தையல் போட்ட பெண்ணுக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் வாரங்களும் அவையே.

போகுமிடத்தில் உள்ள மருத்துவருக்கோ செவிலியருக்கோ தையல் இருப்பது தெரியாமல் போனால், வலி கண்ட பெண்ணுக்குச் சாதாரணப் பிரசவம் என்றே கருதிச் சிகிச்சை தொடங்கக்கூடும். எனவே மூன்று செயல்களைத் தவறாமல் செய்யுங்கள். முதலாவதாக, தாய் சேய் நல அட்டையின் முதற்பக்கத்தில் "கருப்பை வாயில் தையல் உள்ளது" என்று தையல் போட்ட தேதியோடு எங்களிடம் எழுதி வாங்குங்கள். பிக்மி எண்ணும் அதில் இருக்கட்டும். இரண்டாவதாக, தையல் போட்டபோது தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் கணவரிடமும் தாயாரிடமும் வைத்திருங்கள். மூன்றாவதாக, எந்த மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் முதல் வாக்கியமாக இதனைச் சொல்லுங்கள். தெலுங்கு பேசும் ஊராயின், "கர்பசஞ்சிகி குட்டு வேசாரு" என்றால் புரிந்துகொள்வார்கள்.

108 ஆம்புலன்ஸ் எண் இரு மாநிலங்களுக்கும் பொது. ஆடிக் கிருத்திகை நாட்களிலும், டிசம்பர் 31 இரவுப் படித்திருவிழாவின்போதும் ஊருக்குள் வண்டிகள் நகர்வது கடினம். 24 வாரங்களைக் கடந்த, தையல் போட்ட பெண் இருக்கும் வீட்டார் அந்நாட்களுக்கு மாற்று வழியையும் வண்டியையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தை முந்தி வருமென்று தெரிந்தால்

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறோம். 2020-இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. அவற்றுள் இந்தியாவில் மட்டும் சுமார் 30 இலட்சம். பிரசவத்தைத் தடுக்க இயலாத நிலையிலும் குழந்தைக்காகச் செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றுக்கு வேண்டிய நேரத்தைத்தான் தாய் சீக்கிரம் வருவதால் எங்களுக்குத் தருகிறாள்.

முதன்மையானது ஸ்டீராய்டு ஊசி. தாய்க்குப் போடும் இம்மருந்து குழந்தையின் நுரையீரலை விரைந்து பக்குவப்படுத்துகிறது என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகிய இரு மருத்துவர்கள் 1972-இல் நிறுவினர். வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் இது உயிர் காக்குமா என்ற ஐயத்தைத் தீர்க்க, இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தி 2020-இல் வெளியிட்டது. அதில் பிறந்த ஒரு மாதத்திற்குள் இறந்த குழந்தைகள், ஊசி போட்ட பிரிவில் நூற்றுக்கு 20-க்குச் சற்றுக் குறைவு. போடாத பிரிவில் 23-க்கும் மேல். நம் நாட்டில் 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் நெருங்கும் தாய்க்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்திற்கு ஒருமுறையாக நான்கு முறை போடப்படுகிறது. இரண்டு நாட்களுக்குள் முடியும் இச்சிகிச்சைக்கு அவகாசம் பெறவே வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும் மருந்தைத் தருகிறோம். அதனால் வலி அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

32 வாரங்களுக்கு முன் பிரசவம் உறுதியானால் மக்னீசியம் சல்பேட் மருந்தும் தரப்படுகிறது. இது குழந்தைக்குப் பின்னாளில் மூளைவாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு பல குடும்பங்களைக் கலங்கச் செய்கிறது. மிகக் குறைந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைக்கு உயர்நிலைப் பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு தேவை. அக்குழந்தை பயணம் செய்யப் பாதுகாப்பான வண்டி தாயின் வயிறே. பிறந்த பின் அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது நல்லது. இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. எல்லைக்கு அப்பால் திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை உண்டு. எங்கே அனுப்புவது என்பதை வாரம், வலியின் நிலை, அங்கு இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவு செய்கிறோம். அந்நேரத்தில் "உறவினர்களைக் கலந்து சொல்கிறோம்" என்று மணிக்கணக்கில் தாமதிக்க வேண்டாம். முடிவெடுப்பவர் யார் என்பதை முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.

பிறந்த பின்: தாயின் மார்பும் தாய்ப்பாலும்

குறைமாதக் குழந்தைக்குக் கருவிகள் செய்யும் உதவிக்கு இணையான உதவியைத் தாயால் செய்ய முடியும். கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நெருக்கடியில், 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு முறையைத் தொடங்கினார். தாயின் வெற்று மார்பில் குழந்தையைத் தோலோடு தோல் சேர வைத்துக் கட்டி, மேலே துணியால் போர்த்துவதே அம்முறை. இன்று அதனைக் கங்காரு அரவணைப்பு என்கிறோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. தாய் களைத்திருக்கும்போது தந்தையோ பாட்டியோ அரவணைக்கலாம். தந்தையர் தயங்க வேண்டாம்.

தாய்ப்பாலைக் குழந்தை உறிஞ்ச இயலாவிட்டாலும், முதல் சில மணி நேரத்திலிருந்தே கையால் பீய்ச்சித் தரத் தொடங்குங்கள். சீம்பால் சில துளியே வந்தாலும் அது குறைமாதக் குழந்தையின் குடலைக் காக்கும் மருந்து. அதை வீணாக்கிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுப்பது ஆபத்து.

வீடு திரும்பும் மகிழ்ச்சியில் மறந்துபோகும் பரிசோதனை ஒன்று உண்டு: விழித்திரைப் பரிசோதனை. 34 வாரங்களுக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். 28 வாரங்களுக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்திருந்தால் இரண்டு முதல் மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். இக்கெடு தவறினால் நேரக்கூடிய பார்வை இழப்பைப் பின்னர் மீட்க இயலாது. காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். குழந்தை எப்போது கழுத்து நிற்கும், தவழும் என்பதை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுங்கள். தடுப்பூசிகளை, மருத்துவர் வேறு சொன்னாலன்றி, பிறந்த தேதியிலிருந்தே கணக்கிடுங்கள்.

அடுத்த முறை

தையல் போட்டும் குழந்தையை இழந்தவர்களும், மிக முந்திய பிரசவத்தைக் கண்டவர்களும் "இனி எங்களுக்கு வழி உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு.

முதலில், நடந்தது என்ன என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். பிரசவம் எந்த வாரத்தில் ஆயிற்று, வலி முதலில் வந்ததா நீர் முதலில் உடைந்ததா, காய்ச்சல் இருந்ததா, நஞ்சுக்கொடிப் பரிசோதனை என்ன சொல்லிற்று ஆகியவை அடுத்த திட்டத்தை முடிவு செய்யும். எனவே வலி ஆறாத அந்நாட்களிலும் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்துங்கள். ஆறு வாரங்கள் கழித்துத் தம்பதியராக வந்து எங்களிடம் பேசுங்கள். பிரசவத்திற்கும் அடுத்த கருவுறுதலுக்கும் இடையே பொதுவாகக் குறைந்தது 18 மாத இடைவெளி விடுவது நல்லது. இழப்புக்குப் பின் எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் நிலைக்கேற்பச் சொல்வோம்.

பிறப்புறுப்பு வழியே போட்ட தையல் முன்பு பயன் தராதவர்களுக்கு, வயிற்றின் வழியே கருப்பை வாயின் உச்சியில் போடப்படும் தையல் ஒன்று உண்டு. 1965 முதல் மருத்துவ உலகம் அறிந்த முறை இது. பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வொன்றில், முன்பு தையல் பயனற்றுப்போன பெண்களுள் வயிற்றுவழித் தையல் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கே 32 வாரங்களுக்கு முன் பிரசவமாயிற்று. வழக்கமான கீழ்த்தையல் போட்டவர்களில் அது நூற்றுக்கு 33. ஆய்வில் பங்குகொண்டோர் தொகை சிறிதாயினும் வேறுபாடு பெரிது. இத்தையலைக் கருவுறுமுன்போ, கருவுற்ற தொடக்க வாரங்களிலோ போடுவார்கள். போட்டவர்களுக்குப் பிரசவம் அறுவைச் சிகிச்சை மூலமே நடைபெறும். எல்லோருக்கும் இது பொருந்தாது. பொருந்துமா என்பதைக் கருவுறுவதற்கு முன்பே பேசி முடிவு செய்தால்தான் காலம் கைகொடுக்கும். கருவுற்றதாகத் தெரிந்த வாரமே பதிவு செய்துகொள்ளுங்கள்.

குழந்தையை இழந்த தாய்க்கும் பால் சுரக்கும்; அவளுக்கும் பிரசவகால ஓய்வும் உணவும் மருத்துவமும் வேண்டும். அவளை வெறுங்கையோடு வந்தவளாக நடத்தாதீர்கள். உறக்கமின்மை, ஓயாத அழுகை, எதிலும் பற்றின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. 104 என்ற எண்ணில் நேரம் பாராமல் ஆலோசனை பெறலாம்.

தையல் போட்டுக்கொண்டு இப்போது நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். 28-ஆம் வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கும் 24-ஆம் வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. நிறைமாதம் வரை போகாவிட்டாலும், தையல் ஈட்டித்தரும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் கணக்கில் வரவு. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அட்டையின் முதற்பக்கத்தை எங்களிடம் காட்டுங்கள். தையலைப் பற்றிய குறிப்பு அதில் இல்லையென்றால், அன்றே எழுதித் தருகிறோம்.